துருத்தியும் பூஞ்சணமும்: தென்னிந்தியாவில் ஃபிலிம் கேமராப் பராமரிப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஒளிப்பட வரலாறு பெரும்பாலும் படங்களையும் படம் எடுத்தோரையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. கேமராவைப் பழுதுபார்த்தோரின் பணிக்கு அதில் போதிய இடமில்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நிலத்தில் இறக்குமதிக் கருவிகள் பல்லாண்டுகள் இயங்கியதற்கு அப்பணியே அடிப்படை என்பதையும், பழைய கேமராக்களில் எஞ்சியுள்ள பழுதுநீக்கத் தடயங்கள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கவை என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. சேகரிப்போருக்காகக் கேமராக்கள் புதுப்பிக்கப்படும்போது அத்தடயங்கள் அழிவதால், கருவியைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய பதிவு குறித்தும் இது பேசுகிறது.

திறவுச்சொற்கள்: ஃபிலிம் கேமரா, துருத்தி, பூஞ்சணம், ஷட்டர், பழுதுநீக்கம், வாகீஸ்வரி கேமரா, பொருள்சார் பண்பாடு

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்திற்கு அருகில் உள்ள வல்லக்கோட்டை, அருணகிரிநாதரின் திருப்புகழில் இடம்பெற்ற முருகன் திருத்தலம். கோயிலைச் சுற்றியுள்ள ஏரிப்பாசனப் பகுதி கடந்த கால் நூற்றாண்டில் தொழிற்சாலைப் பகுதியாக மாறிவிட்டது. ஒரகடத்தில் கார்களும் லாரிகளும் உருவாகின்றன. சற்று வடக்கே திருப்பெரும்புதூரில் கைப்பேசிகள் உருவாகின்றன. கைப்பேசி ஒவ்வொன்றிலும் இன்று கேமரா உண்டு என்பதால், உலகில் கேமரா மிகுதியாக உருவாகிச் செல்லும் இடங்களுள் ஒன்றாக இப்பகுதியைக் கருதலாம். ஃபிலிம் காலத்தில் நிலைமை வேறு. அன்று தமிழகத்தில் கேமரா ஆலை இல்லை. கேமராக்கள் இலண்டனிலிருந்தும் செருமனியிலிருந்தும், பிற்காலத்தில் சப்பானிலிருந்தும் வந்தன. வந்த கருவி பழுதானால் அதை மீண்டும் அங்கே அனுப்ப இயலாது. இங்குள்ள ஒருவர்தான் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

அந்த ஒருவர் யார், அவருக்கு அவ்வறிவு எங்கிருந்து வந்தது, அதன் தடயம் இன்று எங்கே உள்ளது என்னும் வினாக்களே இக்கட்டுரையின் களம். பழுதுநீக்குவோர் தம் தொழிலைப் பற்றி எழுதி வைக்கும் வழக்கம் உடையவர் அல்லர். எனவே எழுத்துச் சான்றைவிடக் கருவியையே சான்றாகக் கொள்ளும் முறை இங்குத் தேவைப்படுகிறது.

காலநிலை என்னும் முதற்பழுது

ஒளிப்படக்கலை 1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. 1850களின் நடுப்பகுதியில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் ஒளிப்படக் கழகங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் மருத்துவர் அலெக்சாண்டர் அண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளியில் ஒளிப்படமும் பயிற்றுவிக்கப்பட்டது. 1856இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857இன் இறுதியிலும் 1858இலும் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று எடுத்த படங்கள் இன்றும் கோயிற்கலை ஆய்வாளர்களுக்கு ஆதாரமாக விளங்குகின்றன.

டிரைப்பின் படங்கள் பற்றி எழுதியோர் பலர். அவர் கையாண்ட பொருள்களின் தேர்வை இங்கு நோக்குவது பயன்தரும். அக்காலத்தில் ஈரக் கொலோடியன் முறை, மெழுகிட்ட தாள் முறை என இரண்டு முறைகள் கைவசம் இருந்தன. ஈரக் கொலோடியனில் கண்ணாடித் தட்டின்மீது பூசிய கரைசல் உலர்வதற்குள் படமெடுத்து உருத்துலக்கியாக வேண்டும். சித்திரை வெயிலில் கோயில் மதிற்புறத்தில் நின்று பூசினால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மெழுகிட்ட தாளை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். படமெடுத்த பின் உடனே துலக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பயணப் பணியில் டிரைப் தாளைப் பெரிதும் சார்ந்திருந்ததற்கு இவ்வசதியும் ஒரு காரணமாகலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைச் சுவரோடு சுவராகக் கேமராவை நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்திற்கு அவர் அமைத்த தொடர்படம், தமிழ்க் கல்வெட்டுகளின் ஒளிப்படப் பதிவில் குறிப்பிடத்தக்க தொடக்கமாகும். ஒவ்வொரு முறையும் கேமராவின் முகம் சுவருக்கு இணையாக நிற்க வேண்டும். மரச்சட்டம் வெயிலில் சற்று முறுக்கிக்கொண்டாலும் எழுத்துகளின் வரி சாய்ந்துவிடும். 1859இல் ஆளுநராக வந்த சார்லசு டிரெவெலியன் இப்பணியை வீண்செலவாகக் கருதி நிறுத்தினார்.

பின்னர் வந்த செலட்டின் உலர்தட்டு இச்சிக்கலை வேறிடத்திற்கு நகர்த்தியது. தட்டைக் கடையில் வாங்கலாம். ஆனால் வெதுவெதுப்பான நீரில் செலட்டின் படலம் இளகி ஓரங்களில் சுருங்கி உரிந்துவிடும். வெப்பநாட்டு ஒளிப்படக்காரர்கள் பனிக்கட்டியைத் தேடினர். இரவிலோ விடியலுக்கு முன்னரோ துலக்கினர். படிகாரக் கரைசலில் தட்டை இட்டு இறுக்கினர்.

தேக்கு, பித்தளை, துருத்தி

பிரித்தானியக் கேமரா உற்பத்தியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ‘டிராபிகல்’ என்னும் பெயரில் தனி வகைக் கேமராக்களை விற்றனர். சாண்டர்சன் நிறுவனத்தின் கருவிகள் இவ்வகையில் பெயர்பெற்றவை. வழக்கமான மாகோகனி மரத்திற்குப் பதிலாகத் தேக்கு. பசையால் மட்டும் இணைத்த மூலைகளுக்குப் பதிலாகப் பித்தளைப் பட்டையும் திருகாணியும். துருத்திக்குப் பூச்சிகள் நெருங்கா எனக் கருதப்பட்ட சிவப்புத் தோல். இவற்றுள் ஒவ்வொன்றும் காலனி நாடுகளில் கேமரா பழுதான விதத்தைக் காட்டும் குறிப்பாகும். பசை ஈரத்தில் இளகியதால் திருகாணி வந்தது. மரம் முறுக்கிக்கொண்டதால் தேக்கு வந்தது. கரப்பானும் செல்லும் பசையையும் தோலையும் தின்றதால் சிவப்புத் தோல் வந்தது. பர்மாவிலும் மலபாரிலும் வெட்டிய தேக்கு இங்கிலாந்து சென்று கேமராவாகத் திரும்பியது என்பது காலனிய வணிகத்தின் வழக்கமான பாதைதான்.

இக்கேமராக்களின் மிக மென்மையான உறுப்பு துருத்தி. தமிழில் துருத்தி என்னும் சொல் கொல்லன் உலையில் காற்றூதும் கருவியைக் குறித்துப் பின் ஆர்மோனியம், சுருதிப்பெட்டி ஆகியவற்றின் காற்றுறுப்புக்கும் வழங்கியது. கேமராவில் லென்சையும் தட்டையும் இணைக்கும் மடிப்புக் கூடும் அவ்வடிவமே. வெளியே தோல் அல்லது காலிகோ துணி, உள்ளே கறுப்புத் துணி, இரண்டிற்கும் நடுவே மடிப்புதோறும் வெட்டி ஒட்டிய அட்டைக் கீற்றுகள் என்பது அதன் அமைப்பு. ஆர்மோனியத் துருத்தி காற்றைக் கசியவிடக் கூடாது. கேமராத் துருத்தி ஒளியைக் கசியவிடக் கூடாது. முன்னதைச் செய்யத் தெரிந்த கை பின்னதையும் செய்யும்.

இக்கூற்றுக்கு ஆலப்புழை உறுதியான எடுத்துக்காட்டை அளிக்கிறது. அங்கே இசைக்கருவிகளைப் பழுதுபார்த்து வந்த குஞ்ஞுகுஞ்ஞு பாகவதரிடம் ஒளிப்பட நிலையக் கேமரா ஒன்றின் துருத்தி பழுதுநீக்கத்திற்கு வந்தது. அப்பணியின் வழியே கேமராவின் அமைப்பைக் கற்றுக்கொண்ட அவருடைய மகன் கே. கருணாகரன், 1940களில் தாமே தேக்கும் பித்தளையும் கொண்டு கேமரா ஒன்றை உருவாக்கினார். கலைமகளின் பெயரால் ‘வாகீஸ்வரி’ என அழைக்கப்பட்ட அக்கேமரா, 1980கள் வரை செய்யப்பட்டுத் தென்னிந்திய ஒளிப்பட நிலையங்களிலும் அதற்கு வெளியிலும் பரவலாகப் பயன்பட்டது. இசைக்கருவி செய்யும் வீட்டுக்கு அப்பெயர் இயல்பாகவே பொருந்துகிறது.

வாகீஸ்வரியை உள்நாட்டுத் தொழில்முயற்சியின் வெற்றியாகப் பாராட்டுவதே வழக்கம். அது உண்மையே. ஆயினும் வரலாற்று நோக்கில் அதன் தொடக்கமே கூடுதல் கவனத்திற்குரியது. பொறியியல் பயிற்சியோ உரிம ஒப்பந்தமோ அன்றிப் பழுதான துருத்தி ஒன்றே அங்கு ஆசிரியராக இருந்தது. பழுதுநீக்கம் உற்பத்திக்குக் கீழ்ப்பட்ட பணி எனக் கொள்ளும் பொதுக் கருத்தை இந்நிகழ்வு கேள்விக்குள்ளாக்குகிறது. கருவி முழுமையாக இருக்கும்போது அதன் அமைப்பு மறைந்திருக்கும். பழுதாகிப் பிரிக்கப்படும்போதுதான் எந்த உறுப்பு எதற்கு என்பது கண்ணுக்குப் புலனாகும். வாகீஸ்வரி அளவுக்குப் போகாவிட்டாலும், ஒவ்வொரு நகரத்திலும் தச்சர், தோல் வேலை செய்வோர், புத்தகம் கட்டுவோர், கடைசல் பட்டறைக்காரர் ஆகியோரின் கைகள் ஒளிப்பட நிலையத்தின் கேமராவோடு தொடர்புகொள்ள இடமிருந்தது.

துருத்தியில் ஊசித்துளை விழுந்திருப்பதைக் கண்டறியும் முறை எளிது. இருட்டறையில் துருத்தியை முழுதும் நீட்டி உள்ளே சிறு விளக்கை வைத்தால் துளைகள் விண்மீன்களைப்போல் தெரியும். மடிப்பின் மூலைகளே முதலில் தேயும். சிறு துளைக்குக் கறுப்புத் துணியும் பசையும் போதும். மூலை முழுதும் நைந்துவிட்டால் துருத்தியையே மாற்ற வேண்டும். தமிழகத்தில் புத்தகம் கட்டுவோர் பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பர். பழைய துருத்தியின் ஒட்டுப்பகுதியில் நீலப்பச்சைச் சாயல் தென்பட்டால், அத்துருத்தி இங்குள்ள கட்டுநர் ஒருவரின் கையில் செப்பனிடப்பட்டது எனக் கருத இடமுண்டு. செம்பு, பித்தளைப் பொருத்துகளின் களிம்பும் அதே நிறத்தில் படியும் என்பதால் உலோகம் தொடாத பகுதியில் அச்சாயல் உள்ளதா என்று பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

லென்சில் வளரும் பூஞ்சணம்

மரத்தையும் தோலையும் விட்டு உலோகக் கேமராவுக்கு வந்தால் பழுதின் இயல்பு மாறுகிறது. இங்குள்ளோர் ‘ஃபங்கஸ்’ என்று சொல்லும் பூஞ்சணமே ஃபிலிம் கேமராவின் தலையாய நோய். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டி நீடிக்கும்போது, லென்சின் கண்ணாடிகளுக்கிடையே தங்கிய தூசியிலும் எண்ணெய்ப் பசையிலும் அது வேர்பிடிக்கும். சிலந்தி வலைபோல் படரும் இழைகள் வெளியிடும் அமிலம் முதலில் லென்சின் மேற்பூச்சையும் பின்னர்க் கண்ணாடியையும் அரிக்கும். தொடக்கத்தில் துடைத்துவிடலாம், கண்ணாடி அரிபட்ட பின் துடைத்தாலும் வடு மறையாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பீரோவில் பூட்டி வைத்த கேமராவே பெரும்பாலும் கெடுகிறது. நாள்தோறும் வெளியே எடுத்துப் பயன்படுத்தும் கேமரா ஒளியும் காற்றும் படுவதால் தப்புகிறது. பாதுகாப்புக்கென்று கொடுக்கப்படும் தோலுறையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சணத்திற்கு இரையாகிறது என்பது ஒரு முரண்.

மேலை அறிவியல் இந்நோயைப் பெரிய அளவில் எதிர்கொண்டது இரண்டாம் உலகப்போரில்தான். நியூகினி, பசிபிக் தீவுகள் ஆகிய போர்முனைகளில் தொலைநோக்கிகளும் குறிநோக்கிகளும் பூஞ்சணத்தால் பயனற்றுப்போயின. ஆஸ்திரேலியாவில் தாவரவியலாளர்கள் இதற்கென ஆராய்ந்து, ஒளியியல் கருவிகளுக்குள் இடத்தக்க பாதரசச் சேர்மங்களைச் சோதித்தனர். அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பிருந்தே தென்னிந்தியக் கடற்கரையில் லென்சுகள் இருந்தன. போர் அறிவியலாளர்கள் அறிக்கைகள் எழுதினர். ஒளிப்பட நிலையத்தார் அடுத்த மழைக்காலத்திற்குள் லென்சைக் காப்பாற்ற வேண்டிய கவலையில் இருந்தனர். அறிவு வரலாற்றில் ஒருதரப்பு மட்டும் பதிவாவதற்கு இவ்வேறுபாடே போதிய காரணம்.

பிற்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் பரவலாயின. ஈரத்தை உறிஞ்சியதும் நீலம் இளஞ்சிவப்பாக மாறும் அப்படிகங்களை வாணலியில் வறுத்து மீண்டும் நீலமாக்கிப் பயன்படுத்துவர். இறுக மூடும் பெட்டி, அதனுள் வறுத்த சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறை கேமராவை வெளியே எடுத்து ஷட்டரை இயக்குதல் ஆகியவையே இன்றைக்கும் பழைய கேமரா வைத்திருப்போர்க்குரிய முதற்கடமைகள். லென்சை வெயிலில் காயவைப்பது பூஞ்சணத்தைத் தடுக்கக்கூடும். ஆயினும் மிகுந்த வெப்பம் பழைய லென்சுகளின் கண்ணாடிகளை ஒட்டியுள்ள பால்சத்தைப் பிரித்துவிடக்கூடும்.

ஷட்டரும் இறக்குமதித் தடையும்

1912 முதல் விற்பனைக்கு வந்த செருமானியக் காம்பூர் ஷட்டர், கடிகாரத்தின் பற்சக்கரத் தொடரைக் கேமராவுக்குள் கொண்டுவந்தது. ஒரு நொடி, அரை நொடி போன்ற மெதுவான வேகங்களை அச்சக்கரத் தொடரே அளக்கிறது. இதனால் சிறு திருப்புளி, சாமணம், கண்ணில் பொருத்தும் உருப்பெருக்கி எனக் கடிகாரம் பழுதுபார்ப்போரின் கருவிகளே கேமராவுக்கும் தேவைப்பட்டன. இத்தகைய ஷட்டரின் மிகப் பொதுவான பழுது, எண்ணெய் கெட்டிப்பட்டு மெதுவான வேகங்கள் இழுபடுவது. ஒரு நொடிக்கு வைத்து அழுத்தினால் சீரான ‘கிர்ர்’ ஒலி எழ வேண்டும். ஒலி நடுவில் தேங்கினாலோ நின்றாலோ சக்கரத் தொடரைக் கழுவ வேண்டும் என்பது பொருள். பயிற்சியற்றோர் இங்குச் செய்யும் தவறு புதிய எண்ணெயை இடுவதாகும். எண்ணெய் ஷட்டர் இதழ்களின்மீது பரவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதழ்கள் எப்போதும் உலர்ந்தே இருக்க வேண்டும். கழுவுவதற்கு ஆவியாகிவிடும் பெட்ரோலிய நீர்மம், அச்சுமுனைகளுக்கு மட்டும் ஊசிமுனையளவு கடிகார எண்ணெய் என்பதே முறை.

இக்கைத்தொழிலின் தேவையைப் பொருளாதாரக் கொள்கை பன்மடங்காக்கியது. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடிக்குப் பின் அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. புதிய கேமரா அரிதாயிற்று. உதிரி உறுப்பு அதைவிட அரிது. ஒரு கேமராவின் லென்சு வேறொன்றின் உடலில் ஏறியது. முறிந்த நெம்புகோல் பட்டறையில் பித்தளையில் வெட்டப்பட்டது. 1985இல் தீயில் அழிந்த சென்னை மூர் மார்க்கெட் போன்ற இடங்களில் பழைய கருவிகள் கைமாறின. பிரித்தானியக் கருவிகளின் திருகாணிப் புரிகள் அங்குல அளவிலும் செருமானிய, சப்பானியக் கருவிகளின் புரிகள் மில்லிமீட்டர் அளவிலும் அமைந்தவை. எனவே பொருந்தாத திருகாணியை வலிந்து முடுக்கிய தழும்பு, பற்றாக்குறைக் காலத்தின் கையொப்பமாகக் கொள்ளத்தக்கது.

இச்சூழலில் இந்தியாவிலேயே உருவானவை இரண்டைக் குறிப்பிட வேண்டும். பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அக்ஃபாவின் கிளிக் 3 கேமராவைச் செய்தது. 120 சுருளில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் அக்கேமராவில் ஷட்டர் வேகத்தை மாற்ற வழியில்லை. உறுப்புகள் குறைவு என்பதால் பழுதும் குறைவு. நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமராவாக அது நிலைபெற்றதற்கு விலையோடு இவ்வெளிமையும் காரணம் எனலாம். மற்றொன்று உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்டு, பிரான்சு நாட்டு பௌசே நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். குளிர்ந்த, தூசியற்ற காற்றுக்காகவே நீலகிரி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஃபிலிம் செய்வதற்கு மலையுச்சியை நாடியது அரசு. அந்த ஃபிலிமை இட்ட கேமராவோ சமவெளியின் வியர்வையில்தான் இயங்கியது.

திரைப்படத் துறையிலும் இதையொத்த பின்னணி உண்டு. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படத்தை 1910களின் இறுதியில் சென்னையில் எடுத்த ஆர். நடராஜ முதலியார், அதற்கு முன் மோட்டார் உதிரி உறுப்புகள் வணிகத்தில் இருந்தவர். தஞ்சாவூர் மூப்பனார் ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய வில்லியம்சன் கேமராவும் பழையதே. கையால் சுழற்றும் அக்கருவியை ஏற்க உதிரி உறுப்புக் கடைக்காரர் ஒருவர் தயங்காததில் வியப்பில்லை.

ஷட்டர் வேகத்தை அளக்கப் பட்டறையில் நுண்கருவி தேவை என்ற நிலையைத் தொலைக்காட்சி ஓரளவு மாற்றியது. சென்னையில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு 1975இல் தொடங்கிற்று. அதன் படத்தில் ஒவ்வொரு கோடும் 64 மைக்ரோநொடியில் வரையப்படுகிறது. எனவே 1/500 நொடியில் இதழ் ஷட்டரால் திரையைப் படமெடுத்தால் ஏறத்தாழ 31 கோடுகள் அடங்கிய ஒளிப்பட்டை மட்டுமே பதிய வேண்டும். பட்டை அதைவிட அகலமாக இருந்தால் ஷட்டர் சோர்ந்திருக்கிறது. கேமராப் பழுதுநீக்கத்தில் பல நாடுகளில் வழங்கிய இம்முறை, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியையே அளவுகோலாக்கியது.

தடயத்தைப் படித்தல்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இது: பழைய கேமராவின் ஒவ்வொரு பழுதுநீக்கமும் கருவியில் ஒரு குறியை விட்டுச்செல்கிறது. மாற்றிய துருத்தியின் துணி, திருகாணித் தலையின் தழும்பு, உள்மூடியில் பழுதுபார்த்தவர் கீறிய நாள், 1970களின் கேமராக்களில் பிசுபிசுத்துப்போன ஒளித்தடுப்பு நுரைக்குப் பதில் ஒட்டிய வெல்வெட்டுத் துணி ஆகியன அத்தகையவை. ஓலைச்சுவடியில் பிற்காலத்தார் எழுதிய திருத்தங்களைப் பாடவேறுபாடு காண்போர் எவ்வாறு மதிப்பரோ அவ்வாறே இக்குறிகளையும் மதிக்கலாம். மூலத்தைக் கெடுத்த பிழைகள் என்று அவற்றை நீக்கிவிட்டால் கருவி கைமாறிய வரலாறு நீங்கிவிடும்.

நெகட்டிவ்களும் இதற்குத் துணைநிற்கும். துருத்தித் துளையின் வழியே நுழைந்த ஒளி பல படங்களில் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் கறையாகப் பதியும். பின்மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் கறை ஓரத்திலிருந்து உட்புறம் நீளும். ஷட்டர் சோர்ந்திருந்தால் எல்லா நெகட்டிவ்களும் அளவுக்கு மீறிக் கறுத்திருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்களுக்கான திட்டமும் இணைந்து, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஒளிப்பட நிலையப் படங்களை எண்மப்படுத்தியுள்ளன. குடும்பம், சாதி, உடை, தோரணை ஆகியவற்றை ஆராய்வோருக்கு அத்தொகுப்பு பயன்படுகிறது. அத்தகைய தொகுப்புகளில் கறைபட்ட நெகட்டிவ்களை நாள் வரிசையில் அடுக்கினால், நிலையம் ஒன்றின் கேமரா எப்போது பழுதாகி எப்போது செப்பனிடப்பட்டது என்பதையும் கண்டறியலாம். கறை என்று ஒதுக்கப்படும் படமும் இந்நோக்கில் ஆவணமே.

ஆனால் காலம் குறுகிவருகிறது. ஃபிலிம் கேமராமீது இளைஞர்களிடையே மீண்டும் எழுந்துள்ள ஆர்வம் வரவேற்கத்தக்கது. அதனால் பழைய கேமராவுக்கு விலையும் கூடியுள்ளது. விற்பனைக்கு வரும் கேமரா புதியதுபோல் தோன்ற வேண்டும் என்பதால், பழைய தோல் உரிக்கப்பட்டுப் புதுத்தோல் ஒட்டப்படுகிறது. தழும்பான திருகாணிகள் மாற்றப்படுகின்றன. வாகீஸ்வரி போன்ற மரக்கேமராக்கள் மெருகிடப்பட்டு வரவேற்பறை அலங்காரமாகின்றன. இயங்காத நிலையில் குப்பைக்குப் போவதைவிட இது மேல் என்பதை மறுக்க இயலாது. எனினும் திறப்பதற்கு முன் சில நிமிடங்கள் செலவிட்டால் இரண்டையும் காக்கலாம். நாற்புறமும் உள்மூடியும் தெரியப் படமெடுத்தல், வரிசை எண்களைக் குறித்தல், கழற்றிய பழைய தோலையும் திருகாணிகளையும் உறையிலிட்டுக் கேமராவோடு வைத்தல், யாரிடமிருந்து வந்தது, யாரால் செப்பனிடப்பட்டது என்பதை உரியவரிடம் கேட்டு எழுதுதல் ஆகியன போதும். அருங்காட்சியகங்களின் பட்டியல்களில் கேமராவின் உற்பத்தியாளர் பெயரும் ஆண்டும் இடம்பெறுவதுபோல் பழுதுநீக்கக் குறிப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட வேண்டும்.

தமிழாய்வுக்குச் சொற்கள் அளவிலும் இதில் பணி உண்டு. கலைச்சொல் அகராதிகளில் கேமராவின் உறுப்புகளுக்கு ஆக்கச்சொற்கள் உள்ளன. பட்டறையில் புழங்கிய சொற்கள் வேறு. துருத்தி, சாமணம், புரி, படிகாரம், மயில்துத்தம் போன்றவை பிற தொழில்களிலிருந்து வந்து கேமராவுக்கும் பயன்பட்டவை. ஒரு சொல் எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று காண்பது, அப்பணியை எந்தத் தொழிலார் ஏற்றனர் என்பதற்கும் சான்றாகும்.

வல்லக்கோட்டையின் அண்மையில்

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் ஆலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. அதே ஆண்டுகளில்தான் கேமராவுடன் கூடிய கைப்பேசிகள் ஃபிலிமை ஒதுக்கித் தள்ளின. 2012இல் கோடாக் நிறுவனம் திவால் காப்பு கோரியது. உதகை ஆலையும் நலிந்தது. நோக்கியாவுக்குப் பின்னும் இப்பகுதியில் கைப்பேசி உற்பத்தி தொடர்ந்து பெருகியுள்ளது. கைப்பேசியின் கேமரா பயறு அளவிலான ஒற்றைத் தொகுதி; லென்சு, உணரி, குவியமாற்றும் நுண்மோட்டார் ஆகியவை பசையால் இணைந்தவை. அது பழுதானால் தொகுதியையே மாற்றுவர், செப்பனிடுவதில்லை. பழுதுநீக்கும் உரிமை குறித்து ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்து, இணையதளமும் தொடங்கியது. அவ்வுரிமை பற்றிய பேச்சு உதிரி உறுப்பு, வழிகாட்டி நூல் ஆகியவற்றின் கிடைப்பைச் சுற்றியே பெரும்பாலும் அமைகிறது. ஆலப்புழையில் துருத்தியைத் தைத்தவரிடம் இரண்டுமே இல்லை. பிரித்துப் பார்க்கத்தக்க கருவி மட்டும் இருந்தது.

வல்லக்கோட்டை, ஒரகடம், திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களை இணைக்கும் இப்பகுதி களஆய்வுக்கு ஏற்றது. ஃபிலிம் காலத்தில் திருமணங்களையும் கோயில் விழாக்களையும் படமெடுத்த தலைமுறையினர் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுடைய பிள்ளைகளும் பெயரப்பிள்ளைகளும் பணிபுரியும் ஆலைகள் அருகிலேயே உள்ளன. நேர்காணலின்போது எடுத்த படங்களைப் பற்றி மட்டும் வினவாமல் பழைய கேமராவையும் வெளியே எடுத்துவரச் சொல்லி, பின்மூடியைத் திறந்து, கடைசியாக அதைச் சரிசெய்தவர் யார் என்று கேட்பதிலிருந்து அவ்வாய்வு தொடங்கலாம்.